துடுப்பு டயரும் மணற்குன்றும்

அமெரிக்காவின் காலிபோர்னியா மாகாணத்தில், மெக்ஸிகோ எல்லையை ஒட்டிய தென்கிழக்கு மூலையில், சுமார் 45 மைல் நீளத்துக்கு ஒரு மணற்பிரதேசம் கிடக்கிறது. ஆதிகாலத்தில் அந்தப் பக்கத்தில் பரந்து கிடந்த கஹுவியா என்னும் ஏரி வற்றியபோது அதன் கரையில் எஞ்சிய மணலை, மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வீசும் காற்று நெடுங்காலமாக வாரி வந்து குவித்ததனால் அது உண்டாயிற்று என்பது பூகர்ப்ப சாஸ்திரிகள் பலருடைய அபிப்பிராயம். பூகோளப் படத்தில் அதற்கு அல்கொடோனஸ் குன்றுகள் என்று பெயர். அங்கே போய்வருகிறவர்களோ பக்கத்திலுள்ள சிற்றூரின் பெயரால் கிளாமிஸ் என்றே அதைக் குறிப்பிடுகிறார்கள். மோட்டார் வண்டிகள் பெருகத் தொடங்கிய காலத்தில், இந்த மணலைக் கடந்து ஸான் டியாகோவிலிருந்து யூமா நகருக்குப் போக வழி தேடியவர்கள், வேறு உபாயம் ஒன்றும் காணாமல், 1915-ஆம் ஆண்டில் மணல்மேல் மரப்பலகைகளை வரிசையாகப் பரப்பி ஒரு பாதை போட்டார்கள். காற்று மணலைக் கொண்டுவந்து மூட மூட, அதை ஒதுக்கித் தள்ளியும் பலகைகளைப் பெயர்த்து வேறிடத்தில் போட்டும், 1926-இல் நிரந்தரமான சாலை வரும்வரையில் அந்தப் பலகைகள் மேலேயே வண்டிகள் போய்வந்தன.

பலகை இல்லாமல் மோட்டார் வண்டி நகர முடியாதிருந்த அதே மணலில், இன்று குளிர்காலத்து விடுமுறை நாட்களில் லட்சம் பேருக்கு மேல் கூடுகிறார்கள். அவர்களில் எத்தனையோ பேர், குவாட் என்று வழங்கும் நான்கு சக்கர மோட்டார் சைக்கிளில் ஏறி, முந்நூறு அடி உயரமுள்ள குன்றுகளின் உச்சிவரையில் ஒரே மூச்சில் போய்வருகிறார்கள். என்ஜின்களின் சக்தி வளர்ந்திருப்பது இதற்கு ஒரு காரணம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எவ்வளவு சக்தியானாலும் அதை மணலிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது டயர் ஒன்றுதான். அந்த டயரைத் தேர்ந்தெடுப்பதில் பலர் காட்டும் அவசரத்தையும், அதனால் நல்ல வண்டிகள் கெட்டுப்போவதையும் எண்ணும்போது, இந்த விஷயத்தைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்லத் தோன்றுகிறது.

உலர்ந்த மணலுக்கு ஒரு விசேஷ சுபாவம் உண்டு. களிமண்ணைப் போல அதன் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பதில்லை. மேலிருந்து அழுத்தும் பாரமும், துகளுக்கும் துகளுக்கும் இடையே உள்ள உராய்வுமே அதற்கு இருக்கும் பலமெல்லாம். ஆகையால்தான் மணலைக் கொட்டிக் குவித்தால் ஏறக்குறைய 34 டிகிரிச் சரிவுக்குமேல் அது நிற்பதில்லை. காற்று வீசி வரும் பக்கத்தில் குன்று மெல்லச் சரிந்து, மணல் ஓரளவு இறுகியிருக்கும். மறுபக்கத்திலோ, உச்சியைத் தாண்டி விழுந்த மணல் அந்த எல்லைச் சரிவிலேயே, தொட்டால் வழியும் நிலையில் தொங்கிக்கொண்டிருக்கும். சாதாரண டயரில் உள்ள கட்டை கட்டையான ரப்பர் முனைகள் கெட்டி மண்ணைப் பிடிப்பதற்கென்று செய்தவை. மணலில் அவற்றுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. சக்கரம் சுழலச் சுழல, அடியில் உள்ள மணலைத் தோண்டிப் பின்னால் எறிந்துவிட்டு, தானே வெட்டிய குழியில் தானே இறங்கி, கடைசியில் வண்டியின் அடிவயிறு மணலில் படிந்து நின்றுவிடுகிறது.

இந்தச் சங்கடத்தை முறையாக ஆராய்ந்தவர்களில் முதன்மையாகச் சொல்லத்தக்கவர் ரால்ஃப் பாக்னால்டு என்னும் ஆங்கிலேய ராணுவப் பொறியாளர். எகிப்தில் உத்தியோகம் பார்த்தபோது, தம் விடுமுறைகளை லிபியப் பாலைவனத்தில் சாதாரண ஃபோர்டு கார்களை ஓட்டிப் பார்ப்பதில் கழித்த அவர், டயரிலுள்ள காற்றைக் குறைத்தால் அது மணலின்மேல் பரந்து படிந்து பாரத்தைப் பகிர்ந்துகொள்கிறது என்பதையும், புதைந்த சக்கரத்தின் கீழ் எஃகுத் தகடுகளைக் கொடுத்தால் வண்டி வெளியே வந்துவிடும் என்பதையும் அனுபவத்தில் கண்டு நடைமுறைக்குக் கொண்டுவந்தார். காற்றினால் நகரும் மணலைப் பற்றி 1941-இல் அவர் வெளியிட்ட நூல் இன்றைக்கும் அந்தத் துறையில் ஆதார நூலாக விளங்குகிறது. இரண்டாவது உலக யுத்தத்தில் அவர் அமைத்த பாலைவன ரோந்துப் படை, எதிரிகள் கடக்க முடியாதென்று நினைத்திருந்த மணற்கடலைக் கடந்து போனதற்கு, குறைந்த காற்றும் அகன்ற டயரும் பெருந்துணையாக இருந்தன.

பாக்னால்டு கண்ட வழி வண்டி புதையாமல் இருக்க உதவுவது. குன்றின்மேல் ஏற அது மட்டும் போதாது. பின்னே உந்தித் தள்ளுவதற்கு ஏதாவது ஒன்று வேண்டும். 1970-இல் ஹோண்டா நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்ட மூன்று சக்கர வண்டியில் ஸ்பிரிங்குகளே கிடையாது. பலூனைப் போன்ற மெத்தென்ற டயர்களே அந்த வேலையையும் பார்த்தன. மூன்று சக்கர வண்டி எளிதில் கவிழ்ந்து பலருடைய உயிருக்கு உலை வைத்ததனால், 1988-இல் அரசாங்கத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி கம்பெனிகள் அதன் விற்பனையை நிறுத்திவிட்டன. அதற்குள் நான்கு சக்கர வண்டி நன்றாக வேரூன்றிவிட்டது. பலூன் டயர் மட்டும் அப்படியே நிலைத்தது. அதன்மேல் படகுத் துடுப்பின் அலகைப் போல ரப்பர்த் தகடுகளைக் குறுக்காக நிறுத்தியதே இப்போது நாம் பேசும் துடுப்பு டயர்.

இந்த டயரை அருகில் வைத்துப் பார்த்தால், பின்சக்கரத்துக்கென்றே செய்யப்பட்டது என்பது தெளிவாகத் தெரியும். அடிப்பாகம் ஒரு கோடுகூட இல்லாமல் வழவழவென்று இருக்கும். அதன்மேல் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரையில், முக்கால் அங்குலம் முதல் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல்வரை உயரமுள்ள தகடுகள், ஆறோ எட்டோ பத்தோ, சம இடைவெளியில் நிற்கும். தகட்டின் ஒரு முகம் கரண்டியைப் போலக் குழிந்திருக்கும். மறு முகம் அடித்தளத்தோடு சரிந்து இணைந்திருக்கும். சக்கரம் சுழலும்போது குழிந்த முகம் மணலை அள்ளிப் பின்னால் தள்ள, அந்தத் தள்ளலின் எதிர்விசையால் வண்டி முன்னே பாய்கிறது. தகடுகளுக்கு இடையே உள்ள வழவழப்பான பாகம் மணலின்மேல் மிதக்கிறது. மிதப்பதும் தள்ளுவதும் ஆகிய இரண்டு காரியங்களையும் ஒரே டயர் செய்வதில்தான் இதன் பெருமை இருக்கிறது.

கடைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, எல்லாவற்றிலும் உயரமான, எண்ணிக்கையில் அதிகமான தகடுகள் உள்ள டயரைத்தான். அதிகம் அள்ளினால் அதிகம் ஏறும் என்பது அவர்கள் எண்ணம். அள்ளிய மணலைத் தூக்கி எறிய வேண்டியது என்ஜின் அல்லவா? நம் ஊரில் மண்வேலைக்குப் போகிறவர்கள் அவரவர் தோள்வலுவுக்குத் தக்க அகலத்தில்தான் மண்வெட்டியின் இலையைத் தேர்ந்துகொள்வார்கள். பதினைந்து வயதுப் பையன் கையில் பெரிய மண்வெட்டியைக் கொடுத்தால், நாலு வெட்டுக்குள் அவன் களைத்து உட்கார்ந்துவிடுவான், வேலையும் நடக்காது. என்ஜினின் சங்கதியும் இதுவே. தன் சக்திக்கு மிஞ்சிய தகட்டைச் சுழற்ற நேரும்போது என்ஜினின் சுற்றுவேகம் விழுந்துவிடுகிறது. வேகம் விழுந்ததும் சக்தியும் குறைகிறது. சரிவின் நடுவில் வண்டி திணறி நிற்கிறது. அங்கிருந்து மறுபடி புறப்படுவதற்காக ஓட்டுகிறவர் கிளட்சை வழுக்க விட்டு முறுக்குவாரானால், கிளட்ச் தட்டுகள் தீய்ந்து, சங்கிலி இழுபட்டு, சில சமயங்களில் பின் ஆக்சிலே முறுக்கிக்கொள்ளும். டயரின் விலையைவிடப் பல மடங்கு பழுதுபார்க்கும் செலவு வந்து சேரும். ஆகவே, சக்கரத்தைத் தயக்கமின்றிச் சுழல விடக்கூடிய அளவுக்கு மட்டும் தகடு இருக்க வேண்டும் என்பதே இந்தத் தேர்வின் முதல் விதியும் முக்கிய விதியும்.

250 சி.சி. அல்லது அதற்குக் குறைந்த வண்டிகளுக்கு முக்கால் அங்குலத்தைத் தாண்டாத ஆறு அல்லது எட்டுத் தகடுகள் போதுமானவை. 400, 450 சி.சி. வண்டிகளுக்கு எட்டுத் தகடுகள், முக்கால் அங்குலமோ சற்று மேலோ, பொருத்தமாக இருக்கும். யமஹாவின் ராப்டர் 700 போன்ற பெரிய என்ஜின்கள், அடிவேகத்திலேயே திரண்ட இழுவை உள்ளவை. அவை எட்டு முதல் பத்து வரை, ஓர் அங்குல உயரத்தைக்கூடச் சிரமமின்றிச் சுழற்றும். அதற்கு மேலான உயரங்கள், என்ஜினைப் பிரித்து மாற்றி அமைத்து, குன்றேறும் பந்தயத்துக்கென்றே வைத்திருப்பவர்களுக்கு உரியவை. ஓட்டுகிறவரின் உடல் எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒல்லியான ஆளுக்கு லேசாகச் சுழலும் அதே டயர், பாரமான ஆள் ஏறியதும் ஆழமாக இறங்கி என்ஜினை அமுக்கும்.

என்ஜினின் அளவு மட்டுமல்ல, அதன் குணமும் முக்கியம். 1987-இல் வெளிவந்த யமஹா பான்ஷி என்னும் இரட்டை சிலிண்டர் வண்டி மணற்குன்றுக்காரர்களிடையே இன்றுவரையில் பெரும் செல்வாக்குப் பெற்றது. நம் நாட்டில் 1980-களில் ராஜ்தூத் 350 என்ற பெயரில் ஓடிய மோட்டார் சைக்கிளின் என்ஜினுக்கும் அதன் என்ஜினுக்கும் பூர்விகம் ஒன்றே. இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினாகையால், அடிவேகத்தில் சோர்ந்திருந்து, சுற்றுவேகம் ஏறிய பிறகு திடீரென்று சீறும் சுபாவம் அதற்கு. அப்படிப்பட்ட என்ஜினுக்குக் குறைவான தகடுகளைக் கொடுத்துச் சக்கரத்தைச் சற்றுத் தாராளமாகச் சுழல விட்டால்தான் அது தன் பலத்தைக் காட்டும். நான்கு ஸ்ட்ரோக் பெரிய என்ஜினோ நிதானமாகவே இழுக்கும். அதற்குத் தகடுகள் கூடினாலும் குற்றமில்லை. தகடுகள் அதிகமானால் ஓட்டம் குலுங்காமல் இருக்கும் என்பது ஒரு சௌகரியம். குறைவாக இருந்தால் ஒவ்வொரு தகடும் கலையாத புது மணலைப் பிடிக்கும் என்பது இன்னொரு சௌகரியம். இரண்டையும் முழுமையாக ஒரே டயரில் பெற முடியாது.

தகட்டின் வடிவத்திலும் பேதங்கள் உண்டு. நேர்க்குறுக்காக நிற்கும் தகடு நேரே மேலேறுவதில் கெட்டிக்காரன். ஆனால் குன்றின் பக்கவாட்டில் சாய்ந்து போகும்போது, பிடிப்பதற்கு ஒன்றும் இல்லாமையால், வண்டியின் பின்புறம் கீழ்நோக்கி வழுக்கும். அம்புமுனை போல நடுவில் மடங்கிய தகடு இந்த வழுக்கலை ஓரளவு தடுக்கிறது. இடப்பாதியும் வலப்பாதியும் ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்த டயர், மணல் கொஞ்சம் இறுகிய இடங்களில் தடதடவென்று குதிக்காமல் ஓடும். கிளாமிஸில் நாள் முழுவதும் ஏறி இறங்கித் திரிய விரும்புகிறவருக்கு மடங்கிய தகடே உகந்தது என்பது என் அபிப்பிராயம். நேர்த்தகடு பந்தயக்காரர்களிடமே இருக்கட்டும்.

டயரின் பக்கச் சுவரில் 20x11-9 என்று ஒரு குறி இருக்கும். உயரம் 20 அங்குலம், அகலம் 11, ரிம்மின் விட்டம் 9 என்பது அதன் பொருள். கம்பெனி கொடுத்த பின்டயரின் உயரத்தையே துடுப்பு டயருக்கும் வைத்துக்கொள்வது உத்தமம். உயரம் கூடினால் கியர் விகிதம் மாறி, என்ஜினின் பாரம் மேலும் கூடும். முன்சக்கரங்களில் துடுப்பு வேண்டியதில்லை. அவற்றின் வேலை திருப்புவது மட்டுமே. பின்னாலிருந்து துடுப்புகள் ஆவேசமாகத் தள்ளும்போது, சாதாரண முன்டயர் மணல்மேல் சறுக்கி, கைப்பிடியைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போய்க்கொண்டிருக்கும். அதற்காகவே வழவழப்பான டயரின் நட்ட நடுவில், சுற்றிலும் ஓடும் ஒற்றை வரம்பு வைத்த முன்டயர் வந்திருக்கிறது. அந்த வரம்பு மணலைக் கீறிக்கொண்டு போய்த் திசையைக் காப்பாற்றுகிறது. பின்டயருக்குப் பணம் செலவழித்துவிட்டு முன்டயரை மறந்துவிடுகிறவர்கள் திருப்பங்களில் வருந்துவார்கள்.

மாட்டும் விதத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தரையைத் தொடும் இடத்தில் தகட்டின் குழிந்த முகம் பின்னோக்கி இருக்க வேண்டும். ஆகவே அதே தகடு சுற்றி மேலே வரும்போது குழிவு முன்னோக்கித் தெரியும். டயரின் பக்கத்தில் பொறித்துள்ள அம்புக்குறியும் இதையே காட்டும். இடது சக்கரத்தை வலப்பக்கத்திலும் வலது சக்கரத்தை இடப்பக்கத்திலும் மாற்றி மாட்டிவிட்டால், தகடுகள் முதுகைக் காட்டிக்கொண்டு சுழலும். என்ஜின் அலறும், வண்டி நகராது. கல்லும் சரளையும் தார்ச்சாலையும் இந்த ரப்பர்த் தகடுகளுக்குப் பரம சத்துரு. ஆகையால் துடுப்பு டயருக்கென்று தனியாக ஒரு ஜோடி ரிம் வாங்கி வைத்துக்கொண்டு, முகாமில் மணல்மேல் இறங்குவதற்கு முன் நாலு நட்டுகளைக் கழற்றி மாட்டிக்கொள்வதே சிக்கனமான வழி. பழைய டயர் வாங்குகிறவர்கள் தகட்டைக் கட்டை விரலால் பின்னுக்கு வளைத்து அதன் அடிவேரைப் பார்க்க வேண்டும். மயிரிழை போல வெடிப்பு ஓடியிருந்தால், குன்றின் நடுவில் அந்தத் தகடு பிய்ந்து போவது நிச்சயம். நுனி உருண்டு மழுங்கியிருந்தாலும் வாங்க வேண்டாம்.

காற்றைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். காருக்கு 30 பவுண்டுக்கு மேல் காற்று அடித்துப் பழகிய நமக்கு ஆச்சரியமாக இருக்கும், இந்த டயருக்கு வேண்டியது 4 முதல் 6 பவுண்டு வரை மட்டுமே. கூடினால் டயரின் நடுப்பகுதி உப்பி, தகட்டின் நடு மட்டும் மணலைத் தொடும். குறைந்தால் விளிம்பு மட்டும் அழுந்துவதோடு, வேகமான திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டே கழன்றுவிடலாம். ஒரு பவுண்டு வித்தியாசம் இங்கே பெரிய வித்தியாசம். கார் டயருக்கென்று செய்த மீட்டரில் அது புலப்படாது, குறைந்த அழுத்தத்தை அளக்கும் தனி மீட்டர் வைத்துக்கொள்ள வேண்டும். விடியற்காலைக் குளிரில் அடித்த காற்று மத்தியானத்து வெயிலில் தானே உயர்ந்திருக்கும் என்பதால், உச்சிப்பொழுதில் மறுபடி ஒரு தரம் பார்ப்பது நல்லது.

மழை பெய்த மணல் வேறு விதம். ஈரம் துகள்களை ஒட்டவைப்பதால் தகடு நன்றாகப் பிடித்துக்கொள்ளும். வண்டி வில்லிலிருந்து விட்ட அம்பாகப் பாயும். ஆனால் வழுக்கி விட்டுக்கொடுக்கும் தன்மை மணலிடம் இல்லாது போகவே, அதிர்ச்சி முழுவதையும் சங்கிலியும் ஆக்சிலும் தாங்க வேண்டியிருக்கிறது. ஓரிகான் மாகாணத்தின் கடற்கரையில், ஃப்ளாரன்ஸ் முதல் கூஸ் பே வரையில் சுமார் 40 மைல் நீளம் பரந்து கிடக்கும் மணற்குன்றுகள், மழை மிகுந்த பிரதேசமாகையால், வருஷத்தில் பல மாதங்கள் ஈரமாகவே இருக்கின்றன. மணலுக்கு இடையிடையே மரக்கூட்டங்களும் உண்டு. அங்கே சாதாரண டயரோடு திருப்தியாக ஓட்டுகிறவர்களைக் காணலாம். கிளாமிஸுக்கென்று வாங்கிய பெரிய தகட்டை அங்கே கொண்டுபோவது வண்டிக்குச் செய்யும் தீங்கு.

நல்ல டயர் கிடைத்தும் ஓட்டும் முறை தெரியாவிட்டால் பிரயோஜனமில்லை. நிறுத்தும்போது பிரேக்கை அழுத்தாமல் வண்டி தானாக ஓய விட வேண்டும். மூக்கு கீழ்நோக்கி இருக்கும்படி சரிவில் நிறுத்தினால் மறுபடி புறப்படுவது எளிது. சக்கரம் புதையத் தொடங்கியதும் முறுக்குவதை உடனே நிறுத்திவிட்டு இறங்கி, பின்புறத்தைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். உச்சிக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று பார்க்காமல் தாண்டக் கூடாது. மறுபுறத்துச் செங்குத்துச் சரிவிலும், கிண்ணம் போன்ற குழிகளிலும் பாய்ந்து உயிரிழந்தவர்கள் உண்டு. குன்றின் மறுபுறத்திலிருந்து வருகிறவர்களின் கண்ணில் படும்படி, தரையிலிருந்து எட்டு அடி உயரத்துக்குக் கம்பமும் அதில் ஒரு கொடியும் கட்ட வேண்டும் என்று கிளாமிஸில் கட்டாயமே செய்திருக்கிறார்கள். துடுப்பு வண்டியின் பின்னால் ஒருபோதும் நிற்கலாகாது. அது வாரி இறைக்கும் மணல் பல கெஜ தூரம்வரையில் போய் முகத்தில் அறையும்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அந்த மணலில் அவரை வகையைச் சேர்ந்த பியர்சன் மில்க்வெட்ச் என்ற செடி வளர்கிறது. அழிவு அபாயத்தில் இருப்பதாக 1998-இல் அமெரிக்க அரசாங்கம் அதைப் பட்டியலில் சேர்த்தது. குன்றுகளின் வடபகுதி 1994 முதல் வண்டிகள் புகக் கூடாத வனமாகக் காக்கப்படுகிறது. ஒரு துடுப்புத் தகடு அந்தச் செடியைப் பெயர்த்து எறிந்துவிடும். அடைத்த எல்லைக்கு வெளியே ஓட்ட எவ்வளவோ இடம் இருக்கும்போது, அடையாளக் கம்பத்தைத் தாண்டிப் போவதை மன்னிக்க எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

துபாயிலும் சார்ஜாவிலும் வேலை பார்க்கும் நம்மவர்கள், வெள்ளிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ அல் பதாயர் பக்கத்து மணலில் வாடகைக்கு எடுத்து ஓட்டும் குவாட்களில் பெரும்பாலும் சாதாரண டயரே இருக்கும். தாழ்ந்த மேடுகளுக்கு அது போதும். சொந்தமாக வண்டி வைத்து உயர்ந்த குன்றுகளில் ஏற ஆசைப்படுகிறவர்கள், 400 அல்லது 450 சி.சி. வண்டியானால், முக்கால் அங்குலத்தில் எட்டுத் தகடுகள் உள்ள ஒரு ஜோடியும், ஒற்றை வரம்பு வைத்த ஒரு ஜோடி முன்டயரும், குறைந்த அழுத்தம் அளக்கும் ஒரு மீட்டரும் வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய தகட்டுக்குக் கொடுக்க நினைத்த மிச்சப் பணத்தில் நல்ல ஹெல்மெட்டும் மணல் புகாத கண்ணாடியும் வாங்கி, அவற்றை மாட்டிக்கொண்ட பிறகே வண்டியைக் கிளப்புங்கள்.